மணல்தான் மூடி

ராமநாதபுரம் மாவட்டத்துப் புதுமடத்தில் நல்ல தண்ணீருக்கு ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை; தோண்டவும் கூடாது. மணலைக் கொஞ்சம் அகற்றினாலே நீர் ஊறத் தொடங்கிவிடும். ஆசைப்பட்டு இன்னும் இறங்கினால் உப்புக் கரிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இரண்டுக்கும் நடுவில் மண்டபத்தை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் மணல் பூமி இது. புதுமடம், உச்சிப்புளி, இரட்டையூரணி, வேதாளை என்று இந்தப் பட்டையில் இருக்கும் ஊர்களின் கிணறுகளும் தென்னந்தோப்புகளும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்து மணலுக்குள் இறங்கித் தங்கும் மழையை நம்பித்தான் இருக்கின்றன. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி வருவது வெள்ளம் வந்த ஆண்டுகளில் மட்டும்தான். வந்தாலும் ஆற்றங்கரை வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

மணலுக்குள் இறங்கிய அந்த மழைநீர், உள்ளே ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரைக்கும் உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும். நூறாண்டுக்கும் முன்பே கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியப் பொறியாளர்கள் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் இந்தக் கரையின் ஆபத்து புரியும்: மேலே ஓரடி இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். நிலத்துக்கடியில் நன்னீரும் உப்புநீரும் கோடு போட்டதுபோல் பிரிந்திருப்பதில்லை, நடுவில் இரண்டும் கலந்த அடுக்கு ஒன்று இருக்கும். கணக்கு அச்சுப் பிசகாமல் நடக்காது. ஆனால், போகும் திசை இதுதான். ஆகையால் இங்கே நிலத்தடி நீர்மட்டத்தில் ஓரங்குலம் குறைவதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

இத்தனை வெயிலிலும் காற்றிலும் அந்த நீர் தப்பிப் பிழைத்திருக்கக் காரணம், அதன் மேல் கிடக்கும் மணல். களிமண்ணில் ஈரம் நுண்துளைகள் வழியாக வெகுதூரம் மேலேறி வரும். பருமணலில் அப்படி ஏற முடியாது; சில பத்து சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள காய்ந்த மணல், பானைக்கு மூடி போட்டதுபோல் வெயிலைத் தடுக்கிறது. நமீபியாவின் வறண்ட ஆற்று மணலில் 1970-களில் செய்த சோதனைகளில், நீர்மட்டம் மணலுக்குக் கீழே 60 செ.மீ. இறங்கியதும், ஆவியாகும் அளவு திறந்த நீர்ப்பரப்பில் ஆவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. கென்யாவில் மணல் அணை கட்டி, மணலுக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கிறார்கள் என்றால் அதற்கும் இதுதான் காரணம். நமக்கு அந்த அணையை இயற்கையே கட்டிக் கொடுத்திருக்கிறது.

தனுஷ்கோடிப் பக்கம் மீனவக் குடும்பங்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விவரம் புதிதாக இருக்காது. கைகளால் மணலை வாரி, ஒரு குடம் நிறையும் அளவுக்குக் குழி பறித்து, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் மணல் கலங்காமல் மொண்டு எடுப்பார்கள். குழியின் வாய் சிறியது. வேலை முடிந்தபின் காற்று கொண்டுவரும் மணலே அதைத் தூர்த்துவிடும். எடுத்த நீர் குடிக்கப் போனது. மிச்சம் மணலுக்குள்ளேயே இருக்கிறது. கடலோரத்து மணல் நீரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான முறையை எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது.

சவுடு, கிராவல் என்று சொல்லித் தோண்டும் பள்ளம் இதற்கு நேர் எதிரானது. வீட்டு மனை மேடாக்க, சாலைக்கு அணை போட, கட்டடத்தின் அடித்தளம் நிரப்ப மண் தேவைப்படுகிறது. ஜேசிபி வருகிறது, டிப்பர்கள் வரிசை கட்டுகின்றன. முதல் சில அடி காய்ந்த மணல். பிறகு ஈர மணல். ஈரம் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளும் குவாரிகளைக் காண்பது அரிது. வெட்டிய சுவரில் மேலே வெளிறிய மணல், நடுவில் கிளிஞ்சல் நொறுங்கல்கள், கீழே கருத்த ஈரக்கோடு என்று அடுக்கடுக்காகத் தெரியும். ஓரத்துத் தென்னையின் வேர்கள் கற்றை கற்றையாக வெளியே தொங்கும். அடியில் தண்ணீர் நிற்கும். வண்டிகள் போன பிறகு, நிலத்துக்குள் இருக்க வேண்டிய நீர்மட்டம் வெயிலில் கிடக்கிறது.

எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலும் உப்புக் காற்றும் ஓயாத இந்தக் கரையில், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்குச் சராசரியாக 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமாகக் குறைத்துப் போட்ட அளவு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆண்டுக்கு 1,825 மி.மீ. ஆகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மி.மீ. பள்ளத்தில் விழும் மழை முழுவதையும் அதன் வரவில் வைத்தாலும், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர நீர் துண்டு விழுகிறது. இந்தத் துண்டைச் சுற்றியுள்ள மணல்தான் ஊறி ஊறி நிரப்புகிறது. அதாவது பக்கத்துக் கிணறுகள்தான் கொடுக்கின்றன.

ஓர் ஏக்கர் பள்ளத்தில் ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 330 லாரிகளுக்கு மேல் வரும். கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இது 200 பேர் ஓராண்டு முழுக்கப் புழங்கும் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வராத நாளில், தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தெருத்தெருவாகப் போகும் மாவட்டம் இது. இங்கே ஒரே ஒரு ஏக்கர் பள்ளம், 200 பேரின் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஓடும் சத்தம் இல்லை, லாரி இல்லை. அதனால் புகாரும் இல்லை. ஒருவர் அனுமதி இல்லாமல் ஆழ்துளைக் கிணறு போட்டு நாளுக்கு ஒரு டேங்கர் நீரை விற்றால் ஊரே திரண்டு மறிக்கும்.

தென்னையும்தானே தண்ணீர் குடிக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏக்கருக்கு 70 மரம், கோடையில் மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் 4,200 லிட்டர். அதே ஒரு ஏக்கர், திறந்த நீராகக் கிடந்தால் நாளுக்கு 20,000 லிட்டர் ஆவியாகிறது. தோப்பைப்போல் ஐந்து மடங்கு. தோப்பு காய் கொடுக்கிறது, ஓலை கொடுக்கிறது, ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. பள்ளம் உப்பைத்தான் மிச்சம் வைக்கிறது.

அந்த உப்பு தனிக் கதை. ஆவியாவது நீர் மட்டும். அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. சுற்றிலும் உள்ள மணலிலிருந்து புதிய நீர் வந்து நிரம்ப, அதுவும் ஆவியாக, ஆண்டுக்கு ஆண்டு பள்ளத்தில் உப்பு கூடிக்கொண்டே போகிறது. சித்திரை, வைகாசியில் இப்படிப்பட்ட பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், நீர் பின்வாங்கிய இடத்தில் வெள்ளையாய் ஒரு வளையம் பூத்திருக்கும். கனம் கூடிய அந்த நீர் மெல்ல மணலுக்குள் இறங்கிப் பக்கத்து நன்னீரோடு கலக்கிறது. ஒரே பள்ளம் இரண்டு வழியில் கெடுக்கிறது: மேலே நன்னீரின் உயரத்தைக் குறைத்து, கீழிருந்து கடலை ஏற விடுகிறது, மேலிருந்து தன் பங்குக்கும் உப்பை இறக்குகிறது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும்: “மண் எடுத்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் கிடைத்திருக்கிறதே, கோடையிலும் வற்றுவதில்லையே.” ஆடு மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள், கண்ணுக்குத் தண்ணீர் தெரிகிறது. ஊர் மக்களே இதை நம்பிவிடுகிறார்கள். வற்றாமல் இருப்பதுதான் அந்தப் பள்ளம் செய்யும் கேட்டுக்குச் சான்று என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மழைநீர் மட்டும் நிறைந்த குட்டையாக இருந்திருந்தால் கோடையில் அது வற்றியே ஆக வேண்டும். வற்றவில்லை என்றால் ஆவியாவதை ஈடுகட்ட நிலத்தடி நீர் இரவும் பகலும் அதற்குள் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஊருணியை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. இந்த மாவட்டத்தின் பழைய ஊருணிகள், ஓடிவரும் மழைநீரைப் பிடிப்பதற்காக, நீர் இறங்காத இறுகிய மண் பார்த்து வெட்டப்பட்டவை. பரப்பு குறைவு, கரை உயரம், கரையில் மரம். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை ராமநாதபுரத்தில் ஊருணிகளைப் புதுப்பித்தபோதும் வரத்துக் கால்வாயையும் கரையையும் சீராக்குவதுதான் முக்கிய வேலையாக இருந்தது. ஊருணி, வீணாகக் கடலுக்குப் போகும் நீரைப் பிடித்துவைக்கிறது. மணல் பள்ளமோ பத்திரமாக இருந்த நீரை வெளியே இழுத்துவைக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து 2017-லும் 2019-லும் குடிநீர் எடுத்ததைச் சிலர் முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். அது கருங்கல். ஆழம் அதிகம், நீர் அளவுக்குப் பரப்பு குறைவு, சுவர் வழியே கசிவும் குறைவு. அங்கே குவாரி தொட்டியாக வேலை செய்தது. மணலில் தோண்டிய பள்ளம் ஒருநாளும் தொட்டி ஆகாது.

ஆவியாவதைத் தடுப்பது பற்றித் தமிழ்நாட்டில் வாய் திறந்தாலே தெர்மாகோல் நினைவுக்கு வந்துவிடுகிறது. 2017 ஏப்ரலில், வைகை அணையில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று சிறிது நேரத்தில் அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பால் நமக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது என்பது என் எண்ணம். அட்டை பறந்துபோனதோடு கேள்வியும் பறந்துபோய்விட்டது. வைகை அணையிலிருந்து ஆவியாகும் நீர், ராமநாதபுரத்தின் கடைமடைக்கு வந்திருக்க வேண்டிய நீர். அதைக் காப்பாற்ற வழி தேடியது தவறில்லை. காற்றின் வேகத்தையும் அணையின் பரப்பையும் அளக்காமல் இறங்கியதுதான் தவறு. அதன்பின் எந்த அதிகாரியும் ‘ஆவி’ என்ற சொல்லைக் கோப்பில் எழுதத் தயங்கும் நிலை வந்துவிட்டது.

நீருக்கு மூடி போட உலகம் பல வழிகளைப் பார்த்திருக்கிறது. மெழுகு போன்ற செட்டைல் ஆல்கஹாலைத் தூவி, மூலக்கூறு அளவிலான மெல்லிய படலம் பரப்பும் முறையை ஆஸ்திரேலியர்கள் 1950-களில் சோதித்தார்கள். இந்தியாவிலும் நீர்த்தேக்கங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமைதியான நீரில் பலன் உண்டு. காற்றடித்தால் படலம் கிழிந்து ஒரு கரையில் ஒதுங்கிவிடும், சில நாளுக்கு ஒருமுறை மறுபடி தூவ வேண்டும். கச்சானும் வாடையும் மாறி மாறி அடிக்கும் நம் கரைக்கு அது ஒத்துவராது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015-இல் ஒரே நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயில் பட்டுக் குடிநீரில் நச்சு உருவாவதைத் தடுப்பதுதான் முதல் நோக்கம், ஆவி குறைந்தது கூடுதல் பலன். அந்தப் பந்துகளைத் தயாரிக்கச் செலவான நீரைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், அதை ஈடுகட்டவே சில ஆண்டுகள் அவை மிதந்தாக வேண்டும் என்று 2018-இல் எழுதினார்கள். மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவின் கரையில், வெயிலில் உதிரும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து கொட்டும் யோசனையை நான் ஒருக்காலும் ஏற்க மாட்டேன்.

மிதக்கும் சூரிய மின் தகடுகள் இவற்றில் மேலானவை. மூடியாகவும் இருக்கும், மின்சாரமும் வரும். பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் ஸ்பிக் நிறுவனத்தின் நீர்த்தேக்கத்தில் 2022-இல் இது வந்துவிட்டது. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் என்டிபிசி அமைத்த 100 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 32 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் ஆவியாகாமல் காப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் பராமரிக்க ஆளும் பணமும் உள்ள நிறுவனங்களின் பெரிய நீர்த்தேக்கங்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தோப்புகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பள்ளங்களுக்கு யார் போய்த் தகடு மிதக்கவிடப் போகிறார்கள்? அங்கே ஏற்கெனவே இருந்த மூடியை எடுத்து விற்றுவிட்டு, விலை கொடுத்து வேறொரு மூடி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த விஷயத்தைச் சட்டத்துக்குள் சரியாகக் கொண்டுவந்த இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். அங்கே சவுத் பிளாட் ஆற்றோரம் முழுக்கச் சரளைக் குவாரிகள். குவாரிக்காரர்கள் தண்ணீர் எடுப்பதில்லை, கல்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் பள்ளத்தில் நிலத்தடி நீர் வெளிப்பட்டு ஆவியாவதால் ஆற்றுப் பாசன விவசாயிகளின் நீர் குறைகிறது என்று வழக்கு வந்தது. நிலத்தடி நீரைத் திறந்துவிடும் சரளைப் பள்ளமும் சட்டத்தின் பார்வையில் ஒரு கிணறுதான் என்று 1988-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. 1980-ஆம் ஆண்டு முடிந்தபின் நிலத்தடி நீரைத் திறந்த எந்தப் பள்ளமானாலும், அதிலிருந்து ஆவியாகும் நீருக்கு ஈடான நீரைக் குவாரிக்காரர் வேறெங்கிருந்தாவது வாங்கி ஆற்றுக்குக் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் பள்ளத்தைச் சுற்றிக் களிமண் சுவர் இறக்கி, நிலத்தடி நீரோடு தொடர்பை அறுத்துவிட வேண்டும். ஆவிக்கு விலை வைத்ததும் குவாரியின் கணக்கே மாறிவிட்டது. எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது, தோண்டிய பின் என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்தாக வேண்டிய நிலை வந்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. சாலை, ரயில் பாதைப் பணிகளுக்கு மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்று 2020-இல் மத்திய அரசு தந்த விலக்கையும் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சவுடு என்ற பொத்தாம் பொதுவான பெயரில் மணல் கொள்ளை போவதைக் கண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மண்ணின் கூறுகளை ஆய்வகத்தில் சோதித்து அறியாமல் அனுமதி தரக் கூடாது என்று 2021-இல் உத்தரவிட்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மணல் எடுப்பதற்கும் மணல் மேடுகளைக் கலைப்பதற்கும் தடை இருக்கிறது. அலைவாய்க் கரையிலிருந்து 500 மீட்டரில் அந்தக் கோடு முடிந்துவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் அதே மணல், அதே தண்ணீர்.

இந்த விதிகள் எல்லாம் என்ன மண், எத்தனை கன மீட்டர், எவ்வளவு தொகை என்றே கேட்கின்றன. பள்ளத்தில் நீர் வெளிப்பட்டால் ஆண்டுக்கு எவ்வளவு ஆவியாகும், அதை யார் ஈடுகட்டுவது என்று எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சில இடங்களில் நிபந்தனை எழுதுகிறார்கள். எந்த மாதத்து நீர்மட்டம்? ஆவணியில் அளந்தால் நீர் ஆழத்தில் இருக்கும், தோண்ட நிறைய இடம் கிடைக்கும். விதிப்படி தோண்டி முடித்த பள்ளம் தை மாதத்தில் தண்ணீரில் மூழ்கி நிற்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் உச்சத்தில் இருக்கும் தை மாதத்து மட்டத்தை அளந்து, அதற்கு மேலே குறைந்தது ஒரு மீட்டர் மணலை விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கரைக்கு ஏற்ற நிபந்தனை. ஆண்டு முழுவதும் நீருக்கு மேல் மணல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே குறி. மாவட்டத்தில் வேறு இடங்களில் எந்த விதி இருந்தாலும், மண்டபம் ஒன்றியத்தின் மணல் பட்டைக்கு இதைத் தனியாக அறிவிக்க மாவட்ட ஆட்சியர் முன்வர வேண்டும்.

ஏற்கெனவே வெட்டிப் போட்ட பள்ளங்களை என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. ஓர் ஏக்கரை இரண்டு மீட்டர் உயரம் தூர்க்க 8,000 கன மீட்டர் மண் வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் ஏறக்குறைய 950 நடை. அந்த மண்ணுக்காக இன்னோர் இடத்தில் பள்ளம் தோண்டினால் கதை முடிந்தது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டித் தூர்ப்பது அதைவிடக் கேடு. நீர்மட்டத்துக்குள் நேரடியாக நஞ்சைக் கலப்பதற்குச் சமம். ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் விலைபோகாமல் ஒதுக்கிய மேல்மண் மேடாகக் கிடக்கும். முதலில் அது திரும்ப உள்ளே போக வேண்டும். அது முழுப் பள்ளத்துக்கும் போதாது என்றால், ஆழம் குறைந்த பகுதிகளைத் தை மாத நீர்மட்டத்துக்கு மேல் வரும்வரை நிரப்பி, தண்ணீர் தெரியும் பரப்பை ஒரு மூலைக்குச் சுருக்கலாம். ஆவியாவது பரப்பைப் பொறுத்தது. பரப்பு பாதியானால் இழப்பும் பாதி. மிச்சமிருக்கும் மூலைக்குக் காற்று வரும் பக்கத்தில் பனை, புன்னை, சவுக்கு என்று அடர்த்தியாக வரிசை வைத்தால் நீர்ப்பரப்பின் மேல் காற்றின் வேகம் குறையும். சீமைக் கருவேலம் தானாக முளைத்து நிழல் தருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது தன் பங்குக்கு உறிஞ்சும். இப்படிப்பட்ட பள்ளங்களை இறால் பண்ணைக்குக் குத்தகை விடும் யோசனை எந்த ஊரில் எழுந்தாலும் முளையிலேயே கிள்ள வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2015-இல் திருத்திய கனிமச் சட்டப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் ஏற்பட்டிருக்கின்றன. குவாரிகள் கட்டும் தொகையில் ஒரு பங்கு அதில் சேர்கிறது. குடிநீர் அதன் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. மணலைத் திருப்பிப் போடுவது குடிநீர் வேலைதான் என்று ஒப்புக்கொண்டால் வழி பிறக்கும். இனிமேல் அனுமதி பெறுபவரிடம் தூர்ப்பதற்கான முழுத் தொகையை முன்கூட்டியே வைப்பாக வாங்கிவிட வேண்டும். 950 நடைக்கான செலவை முதலிலேயே கட்ட வேண்டும் என்றால், நீர் தெரியும் வரைக்கும் தோண்டும் ஆசை பெரும்பாலோருக்கு அடங்கிவிடும்.

அளக்காமல் எதுவும் நடக்காது. அளப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. வானிலைத் துறை பயன்படுத்தும் ஆவிமானி, 1.22 மீட்டர் விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு வட்டத் தொட்டி. பறவைகள் குடித்துவிடாதபடி அதன் மேல் கம்பிவலை போட்டிருப்பார்கள். தினமும் காலையில் நீர் எத்தனை மி.மீ. இறங்கியது என்று பார்த்து, மழை பெய்திருந்தால் அதன் அளவையும் கூட்டி எழுதினால் போதும். ஏரி, குளத்துக்கு அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்று கொள்வார்கள். ராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் வழிகாட்டுதலில் மண்டபம் ஒன்றியத்தின் நாலைந்து பள்ளிக்கூடங்களில் இந்தத் தொட்டியை வைக்கலாம். பிள்ளைகள் எழுதிவைக்கும் எண்ணில் அந்த முக்கால் பங்கைப் பள்ளத்தின் பரப்பால் பெருக்கினால், ஊர் இழக்கும் நீர் லிட்டர் கணக்கில் வந்துவிடும். நான் மேலே 5 மி.மீ. என்று வைத்துப் போட்ட கணக்கையும் அப்போது திருத்தி எழுதிக்கொள்ளலாம். கூடவே, பள்ளத்துக்கு அருகே உள்ள இரண்டு மூன்று கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அது வற்றாது என்பதைத்தான் பார்த்தோமே.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் இப்போது தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பங்குனி வெயில் ஏறும் நேரம், ஆவி உச்சத்துக்குப் போகும் பருவத்தின் தொடக்கம். அன்றைய கூட்டத்தில் ஊராட்சி வரவு செலவு வாசிப்பதுபோல் தண்ணீரின் வரவு செலவையும் வாசிக்கலாம்: ஊர் எல்லையில் திறந்து கிடக்கும் பள்ளங்கள் எத்தனை ஏக்கர், சென்ற ஆண்டு அவற்றிலிருந்து ஆவியானது எத்தனை லிட்டர், பக்கத்துக் கிணறுகளில் தை மாதத்து மட்டம் என்ன, இன்றைய மட்டம் என்ன, அவற்றின் உப்பு எவ்வளவு. அடுத்த குவாரி விண்ணப்பம் வரும்போது, இந்த ஐந்து விவரங்களும் எழுதிய தீர்மான நகலைக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவர வேண்டும்.